மே மாத அறையில் ஒரு பெரிய கூலர்

பிராசசர் கூலர் வாங்கப்போகிறவர் முதலில் தேடுவது ஒப்பீட்டுப் பட்டியல். எந்தக் கூலரைப் போட்டால் பிராசசர் எத்தனை டிகிரியில் நிற்கும் என்று வரிசைப்படுத்தியிருப்பார்கள். அந்த அளவுகளில் பெரும்பாலானவை 20 முதல் 25 டிகிரிக்குள் கட்டுப்படுத்திய அறையில் எடுத்தவை. சென்னையிலோ மதுரையிலோ மே மாதப் பிற்பகலில் ஏ.சி. போடாத அறை 35 டிகிரியில் இருப்பது சாதாரணம். கூலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராசசரை ஆக்க அதனால் முடியாது. உள்ளே உண்டாகும் வெப்பத்தை வாங்கிக் காற்றிடம் ஒப்படைப்பதுதான் அதன் வேலை. ஆகவே 22 டிகிரி அறையில் 75 காட்டிய அதே கூலரும் பிராசசரும் நம்முடைய 35 டிகிரி அறையில் 88 காட்டும். சூடு ஏற ஏறச் சிலிக்கானில் மின்கசிவும் கூடுவதால் உண்மையில் அதற்குக் கொஞ்சம் மேலேயே நிற்கும்.

பெரிய கூலர் வேண்டுமா, எவ்வளவு பெரியது, என்ன விலையில் என்ற கேள்விகளை நம் அறையிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதிகம் உழைக்கும் பிராசசர் வைத்திருப்பவருக்கு நம் ஊரில் பெரிய காற்றுக் கூலர் அவசியமான செலவு. ஆனால் அந்தச் செலவு நடுத்தர விலையிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் கையில் இருக்கும் பணம் காற்று தாராளமாக நுழையும் கேபினெட்டுக்குப் போகட்டும். இரண்டுக்கும் முன்னால், காசு செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு காரியம் பயாஸ் திரையில் இருக்கிறது. அதைப் பலர் தொடுவதே இல்லை.

1989-இல் வந்த 486 பிராசசரின் தொடக்க மாடல்கள் மின்விசிறி இல்லாமலேயே ஓடின. 1993-இல் பென்டியம் வந்தபோது அதன் தலையில் ஒரு சின்ன விசிறி ஏறியது. 2004-இல் இன்டெல்லின் பிரெஸ்காட் வகைப் பென்டியம் 4, 100 வாட்டைத் தாண்டியதும் கூலர் என்பது தனிச் சந்தையாகவே வளர்ந்தது. 2006-இல் கோர் 2 டுவோ 65 வாட்டுக்கு இறங்கி வந்ததால் சில காலம் மூச்சுவிட முடிந்தது. இன்று மறுபடியும் ஏற்றம். ஐ9-13900கே முழு வேகத்தில் 253 வாட் வரை எடுக்க இன்டெல்லே அனுமதிக்கிறது. ரைசன் 9 7950எக்ஸுக்கு ஏஎம்டி வைத்த உச்சவரம்பு 230 வாட்.

வாட் கூடியதைவிட முக்கியமான மாற்றம் பிராசசர் நடந்துகொள்ளும் விதத்தில் வந்திருக்கிறது. பழைய பிராசசருக்கு ஒரு வேகம் குறித்துவைத்திருந்தார்கள், அதில் ஓடும். இப்போதைய பிராசசர் வெப்பத்திலும் மின்சாரத்திலும் இடம் இருக்கும்வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகிறது. ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் மாடல்கள் முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்று ஓடும்படிதான் வடிவமைக்கப்பட்டவை என்று ஏஎம்டி வெளிப்படையாகவே சொன்னது. அந்த எண்ணைத் திரையில் பார்த்ததும் பதறிக் கூலரை மாற்றுகிறவர்கள் உண்டு. மாற்றிய பிறகும் அதே 95 காட்டும்போது ஏமாந்துபோகிறார்கள். நல்ல கூலர் போட்டால் அந்தப் பிராசசர் அதே 95-இல் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடும். ஆதாயம் டிகிரியில் தெரியாது, மெகாஹெர்ட்சில் தெரியும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் டிடிபி (வெப்ப வடிவமைப்பு வாட்) என்ற எண்ணை நம்பிக் கூலர் தேர்ந்தெடுப்பதும் ஆபத்தானது. 13900கே-யின் பெட்டியில் 125 வாட் என்றிருக்கும். அது அடிப்படை வேகத்துக்கு உரியது, 253 என்பதுதான் உழைக்கும்போது வரும் எண். ஐ5-12400 கூட 65 வாட் என்று சொல்லிக்கொண்டு 117 வரை போகும். ஏஎம்டியில் 65 என்றால் 88, 105 என்றால் 142, 120 என்றால் 162, 170 என்றால் 230 என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கூலர் தயாரிப்பாளர்கள் தங்கள் பெட்டிமேல் போடும் 220 வாட், 260 வாட் என்ற எண்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. எந்த அறைவெப்பத்தில், எந்தப் பிராசசரில், விசிறி எத்தனை சுற்றில் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி வைத்துக்கொள்கிறது. ஆஸ்திரியக் கூலர் நிறுவனமான நாக்டுவா இதனாலேயே வாட் எண்ணைக் கைவிட்டுத் தனக்கென ஒரு தர எண்ணை வைத்திருக்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு கூலர்களை ஒப்பிட இந்த எண்கள் உதவும். வேறு வேறு நிறுவனங்களின் கூலர்களை ஒப்பிட உதவாது.

கூலரின் உயிர் ஹீட் பைப்பில் இருக்கிறது. பார்வைக்கு அது திடமான செம்புக் கம்பி போலத் தெரியும். உள்ளே வெற்றுக் குழாய். காற்றை உறிஞ்சியெடுத்துவிட்டுச் சில துளித் தண்ணீரை விட்டு இரண்டு முனையையும் அடைத்திருப்பார்கள். அழுத்தம் மிகக் குறைவு என்பதால் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்காகக் காத்திருக்காமல் அறைவெப்பத்துக்குச் சற்று மேலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். பிராசசரைத் தொட்டிருக்கும் அடிப்பகுதியில் ஆவியாகி, தகடுகள் கோத்த மேற்பகுதிக்குப் பாய்ந்து, அங்கே வெப்பத்தைக் கொட்டிவிட்டு மறுபடி நீராகிறது. இட்லிக் கொப்பரையில் ஆவி மேலேறி மூடியில் நீர்த்துளியாகக் கோப்பது போன்ற வேலைதான் இது. கொப்பரையில் துளி தானாகக் கீழே சொட்டிவிடும். ஹீட் பைப்பைப் படுக்கை வாட்டத்திலும் வைக்க வேண்டியிருப்பதால் குழாயின் உட்சுவரில் செம்புத் தூளைச் சுட்டு ஒட்டிய ஒரு நுண்துளைப் படலம் இருக்கும். திரி எண்ணெயை இழுப்பதுபோல அது நீரை அடிப்பகுதிக்கு இழுத்து வந்துவிடும். நகரும் பாகம் ஒன்றுமில்லை, தேய்மானமும் இல்லை.

இந்த யோசனைக்கு ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ரிச்சர்ட் காக்லர் 1942-இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் மனத்தில் இருந்தது குளிர்பதனப் பெட்டி. அந்த யோசனை கிடப்பில் கிடந்தது. 1963-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் விண்கலங்களுக்கான அணுமின் ஆதாரங்களை ஆராய்ந்தபோது தனியாக அதே இடத்துக்கு வந்துசேர்ந்தார், ஹீட் பைப் என்ற பெயரும் அப்போது நிலைத்தது. விண்வெளிக்கென்று மறுபிறவி எடுத்த ஒரு கருவி இன்று சென்னை ரிச்சி தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிவைத்து விற்கப்படுகிறது என்பது எனக்கு இன்னமும் மகிழ்ச்சி தரும் செய்தி.

ஹீட் பைப் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது வாங்குகிறவரின் பழக்கம். நாலைவிட ஆறு மேல் என்பதில் தவறில்லை. ஆறைவிட ஏழும் எட்டும் மேல் என்பது அதே அளவுக்கு உண்மையில்லை. காரணம், தடை பெரும்பாலும் கூலருக்குள் இல்லை, அதற்குக் கீழே இருக்கிறது. 7950எக்ஸ் போன்ற பிராசசரில் வேலைசெய்யும் கோர்கள் உட்கார்ந்திருக்கும் சில்லு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 70 சதுர மில்லிமீட்டர்தான், விரல்நகத்தைவிடச் சிறியது. அவ்வளவு சிறிய இடத்திலிருந்து 100 வாட் வெளியேற வேண்டும். அதன்மேல் ஓர் உலோக மூடி. பழைய ஏஎம்4 சாக்கெட்டின் கூலர்கள் புதிய ஏஎம்5 சாக்கெட்டிலும் பொருந்த வேண்டும் என்பதற்காக ஏஎம்டி அந்த மூடியைத் தடிமனாகவே வைத்திருக்கிறது. வெப்பம் இந்த மூடியைக் கடந்து வந்தால்தான் கூலர் அதைத் தொட முடியும். 13900கே-யின் சில்லு 257 சதுர மில்லிமீட்டர், வெப்பம் பரந்து வெளியேற இடமிருக்கிறது. அதனால் பெரிய கூலர் இன்டெல்லில் காட்டும் வித்தியாசத்தை ரைசனில் காட்டாது. ரைசன் 7 7800எக்ஸ்3டி இன்னும் விசித்திரமானது. மின்சாரம் குறைவாகவே எடுக்கும், ஆனாலும் 80 டிகிரியைத் தொட்டுவிடும். கோர்களின் தலைமேல் கூடுதல் கேஷ் சில்லு ஒன்று போர்த்தியிருந்ததே காரணம். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் அந்தக் கேஷைக் கோர்களுக்கு அடியில் மாற்றிவைத்தார்கள். கூலரைத் தொடாமலேயே சூடு குறைந்தது.

இந்தச் சில்லுகள் மூடியின் நடுவில் இல்லாமல் ஓர் ஓரமாக இருப்பதால் நாக்டுவா 2023-இல் கூலரை 7 மில்லிமீட்டர் தள்ளி மாட்டும் பட்டைகளை வெளியிட்டது. ஒன்று முதல் மூன்று டிகிரி வரை குறையும் என்றார்கள். ஒரு கிலோ அலுமினியத்தைக் கூட்டுவதைவிடச் சரியான இடத்தில் அமர்த்துவது அதிகம் பயன்தரக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஹைப்பர் 212 வரிசையை வைத்துக் கூலர் மாஸ்டர் நிறுவனம்தான் சாதாரணப் பயனாளரிடம் கோபுரக் கூலரைக் கொண்டுசேர்த்தது: நாலு ஹீட் பைப், ஒரு விசிறி, எளிய விலை. 2009-இல் நாக்டுவாவின் என்எச்-டி14, இரட்டைக் கோபுர வடிவத்தைப் பெரிய கூலரின் இலக்கணமாக்கியது. 2014-இல் வந்த என்எச்-டி15 ஏறக்குறைய பத்தாண்டு காற்றுக் கூலர்களின் உரைகல்லாக இருந்தது. ஆறு ஹீட் பைப், இரண்டு 140 மி.மீ. விசிறி, விசிறிகளோடு சேர்த்து 1,320 கிராம். ஜெர்மனியின் பி கொயட் டார்க் ராக் புரோ 4, சீனத்தின் டீப்கூல் ஏகே620 எல்லாம் இதே அச்சில் வார்த்தவை. பிறகு தைவானின் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ வந்தது. ஆறு ஹீட் பைப், இரண்டு 120 மி.மீ. விசிறி, இரட்டைக் கோபுரம். அமெரிக்காவில் 35 டாலர் அளவில் விற்றது. அதே சமயம் டி15 அங்கே 100 டாலருக்கு மேல். இரண்டுக்கும் இடையே சோதனைகளில் தெரிந்த வித்தியாசம் சில டிகிரிதான்.

இந்த ஒரு நிகழ்வு கூலர் வாங்கும் கணக்கையே மாற்றிவிட்டது என்பது என் எண்ணம். அதுவரை நல்ல குளிர்ச்சிக்கு மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கூடுதல் பணம் வேறு பொருள்களை வாங்குகிறது: பல ஆண்டு சத்தம் மாறாமல் சுழலும் விசிறி, திருகும்போதே தரம் தெரியும் மாட்டும் அமைப்பு, ஆறு வருட உத்தரவாதம், புதிய சாக்கெட் வந்தால் வாங்கிய ரசீதைக் காட்டி இலவசமாகப் பெறும் பட்டைகள். இவை உண்மையான மதிப்புகள். பத்து வருடம் ஒரே கூலரை வைத்திருக்கும் எண்ணமுள்ளவர் நாக்டுவா வாங்குவதை நான் தடுக்க மாட்டேன். குளிர்ச்சிக்காக மட்டும் அந்த விலை கொடுப்பதைத்தான் தடுப்பேன். 2024-இல் வந்த டி15 ஜி2 எட்டு ஹீட் பைப்போடு இன்னும் சில டிகிரி குறைக்கிறது, விலை இன்னும் மேலே.

எது வாங்கினாலும் கையில் ஸ்கேல் வேண்டும். கடைக்குப் போய் ஏமாந்து திரும்புகிறவர்களில் பாதிப் பேர் உயரத்தில் ஏமாறுகிறார்கள். பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155 மி.மீ., ஏகே620 160, டார்க் ராக் புரோ 4 ஏறக்குறைய 163, டி15 165, ஜி2 168. கேபினெட்டின் குறிப்புத்தாளில் கூலர் உயரத்துக்கான வரம்பு இருக்கும். கோர்சேர் 4000டி-யில் 170, என்இசட்எக்ஸ்டி எச்510-இல் 165. பெயர் தெரியாத கேபினெட் என்றால் பக்கக் கதவைத் திறந்து, பிராசசர் மூடியின் மேற்பரப்பிலிருந்து கதவு உட்காரும் விளிம்பு வரை அளந்து, அதில் மூன்று நாலு மில்லிமீட்டரைக் கழித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கதவு ஹீட் பைப்பின் நுனியில் முட்டினால் தகரக் கதவைப் போல வளைந்துகொடுக்காது.

உயரம் சரியாக இருந்தும் ராம் முட்டலாம். இதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். டி15-இன் முன்விசிறி ராம் வரிசையின் மேல் தொங்கும், அதன் அடியில் 32 மி.மீ. இடம்தான். உடம்பில் அலங்காரம் குறைந்த கோர்சேர் வெஞ்சன்ஸ் எல்பிஎக்ஸ் போன்ற ராமே அந்த அளவை ஒட்டி நிற்கும். ஜிஸ்கில் டிரைடென்ட் இசட் 44 மி.மீ., விளக்குகள் மின்னும் வெஞ்சன்ஸ் ஆர்ஜிபி புரோ 51. டிரைடென்ட் இசட் போட்டவர் முன்விசிறியை 12 மி.மீ. மேலே தூக்கிக் கம்பியில் மாட்ட வேண்டும். உடனே 165 என்பது 177 ஆகிவிடும், 4000டி-யின் கதவு மூடாது. வழி இரண்டு: முன்விசிறியைக் கழற்றிவிட்டு நடுவிசிறியோடு மட்டும் ஓட்டலாம், அல்லது தொடக்கத்திலேயே ராமுக்கு இடம்விட்டுப் பின்னால் தள்ளி வடிவமைத்த கூலரை வாங்கலாம். நடுவிசிறியோடு மட்டும் ஓட்டுவதில் இழப்பு பெரிதில்லை, சில டிகிரிதான். அழகுக்காக உயரமான ராமையும் குளிர்ச்சிக்காகப் பெரிய கூலரையும் தனித்தனியே ஆர்டர் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

சாக்கெட் விஷயம் இன்டெல்லில் கொஞ்சம் சிக்கல். எல்ஜிஏ 1200 வரை துளைகளுக்கிடையே 75 மி.மீ. 2021-இல் வந்த எல்ஜிஏ 1700-இல் அது 78 ஆனது, பிராசசரின் உயரமும் சற்றுக் குறைந்தது. பழைய பட்டைகளை எப்படியாவது திருகி உட்காரவைத்தால் அழுத்தம் குறைந்து பிராசசர் கொதிக்கும். 2024-இல் வந்த எல்ஜிஏ 1851-க்கு 1700-இன் பட்டைகளே பொருந்தும். ஏஎம்டியில் ஏஎம்4-க்கு வாங்கியது பெரும்பாலும் ஏஎம்5-க்கும் ஆகும், மதர்போர்டின் சொந்தப் பேக்பிளேட்டைப் பயன்படுத்தும் கூலராக இருந்தால். ஏஎம்5-இல் அந்தப் பேக்பிளேட்டைக் கழற்ற முடியாது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் தகடுகள் நெளிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் பட்டைகளும் திருகுகளும் முழுதாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவை இல்லாத கூலர் காகிதத்தின் மேல் வைக்கும் பாரத்துக்குத்தான் ஆகும்.

இப்போது கேபினெட். கூலரைவிட இதில்தான் நம் வீடுகளில் அதிகம் இழக்கிறோம். நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்று பெட்டிக்குள் நுழைந்து வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் 250 வாட் வெப்பத்தைக் கொட்டினால் அது ஏறக்குறைய 13 டிகிரி சூடாகும். கிராஃபிக்ஸ் கார்டு இன்னொரு 250 வாட்டைக் கொட்டினால் இன்னும் 13. அறையில் 35 டிகிரியாக இருந்த காற்று வெளியே போகும்போது 60-ஐத் தாண்டியிருக்கும். கூலருக்குக் கிடைப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு வெப்பத்தில் இருக்கும் காற்று. முன்பக்கம் முழுக் கண்ணாடி போட்டு, பக்கவாட்டில் ஒரு கீற்றுச் சந்து மட்டும் விட்டிருக்கும் கேபினெட்டில் உலகின் சிறந்த கூலரும் தன் சூட்டையே திரும்பத் திரும்பச் சுவாசிக்கும். முன்பக்கம் வலையாக இருக்கும் கேபினெட்டும், முன்னே இரண்டு, பின்னே ஒன்று என விசிறிகளும் இருந்தால் மலிவான கூலரும் மானத்தைக் காப்பாற்றும்.

நம் ஊர்க் கம்ப்யூட்டர் டேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேபினெட் வைக்கவென்று மூன்று பக்கமும் பலகை அடைத்து, முன்னால் கதவும் வைத்த ஓர் அறை அதில் இருக்கும். பின்பக்கம் சுவரை ஒட்டி நிற்கும். வெளியேறிய சூடான காற்று மறுபடி முன்னால் வந்து உள்ளே போவதற்கென்றே செய்தது போன்ற ஏற்பாடு. புதுக் கூலருக்குப் பணம் எடுத்துவைப்பதற்கு முன் கேபினெட்டை அந்தக் கூண்டிலிருந்து வெளியே இழுத்து மேசையின் பக்கத்தில் வைத்து ஒரு நாள் பாருங்கள். கூலர் மாற்றாமலேயே பிரச்சினை தீர்ந்துபோன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய கூலரை விற்கிறவர்கள் முன்வைக்கும் இன்னொரு வாதம் அமைதி. வாதத்தில் உண்மை இருக்கிறது. விசிறியின் சுற்றைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் குறைந்துவிடும். பரந்த தகடுகள் குறைந்த காற்றிலேயே வேலையை முடித்துக்கொள்வதால் பெரிய கூலரை மெதுவாக ஓட்டலாம். டி15-இன் விசிறி உச்சத்தில் 1,500 சுற்றில் 24.6 டெசிபல்தான் என்கிறது நாக்டுவா. ஆனால் நம் அறையில் தலைக்கு மேலே சீலிங் ஃபேன் நாலில் ஐந்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. ஜன்னல் திறந்திருக்கிறது, தெருவில் ஆட்டோ போகிறது. இந்தச் சூழலில் 24-க்கும் 30-க்கும் இடையிலான வித்தியாசத்துக்குக் காசு கொடுப்பது வீண். குரல் பதிவு செய்கிறவர், இரவில் ஏ.சி. அறையில் கதவடைத்து வேலைசெய்கிறவர், படுக்கையறையிலேயே கணினி வைத்திருப்பவர், இவர்களுக்குத்தான் அமைதி காசு பெறும். மற்றவர்கள் விசிறியின் வேகக் கோட்டைப் பயாஸில் கொஞ்சம் சமப்படுத்தினால் போதும். சட்டென்று ஏறி இறங்கும் இரைச்சல்தான் காதை உறுத்துவது, ஒரே சீராக ஓடும் இரைச்சலை மனம் சீக்கிரம் மறந்துவிடும்.

லிக்விட் கூலர் போட்டால் தண்ணீரால் குளிர்ந்து அறைவெப்பத்துக்குக் கீழே போய்விடும் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீரும் ரேடியேட்டர் வழியாக அதே 35 டிகிரிக் காற்றிடம்தான் வெப்பத்தைக் கொடுக்கிறது. 360 மி.மீ. ரேடியேட்டருக்குப் பரப்பு அதிகம், வெப்பத்தை நேராகக் கேபினெட்டுக்கு வெளியே தள்ளவும் முடியும், ராம் முட்டாது. தொடர்ந்து 250 வாட் எடுக்கும் பிராசசரில் இவை எல்லாம் சேர்ந்து காற்றுக் கூலரைவிடச் சில டிகிரி முன்னே நிற்கும். பதிலுக்கு ஒரு பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும், நாளடைவில் ரப்பர் குழாய்ச் சுவர் வழியாக நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், சில ஆண்டுகளில் மொத்தமாக மாற்ற வேண்டியிருக்கும். காற்றுக் கூலரில் கெடக்கூடியது விசிறி ஒன்றுதான். கெட்டால் பக்கத்துக் கடையில் வேறு விசிறி வாங்கி அதே கம்பியில் மாட்டிவிடலாம். பழுதுபார்க்க ஆள் கிடைக்காத ஊரில் இருப்பவருக்கு இது பெரிய வேறுபாடு. இரவெல்லாம் ரெண்டர் ஓட்டுகிற தொழில் என்றால் லிக்விட் கூலர் நியாயம். விளையாடுவதற்கும் நிரல் எழுதுவதற்கும் அது தேவையில்லை.

முதலில் சொன்ன காசில்லாத காரியத்துக்கு வருகிறேன். மதர்போர்டு தயாரிப்பாளர்களில் பலர் இன்டெல் பிராசசருக்கான வாட் வரம்பைப் பயாஸில் திறந்துவிட்டே விற்றார்கள், பிராசசர் எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம் என்று. 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்களில் நிலையின்மைப் புகார்கள் பெருகிய பிறகு, 2024-இல் இன்டெல் தன் அடிப்படை அமைப்புகளுக்குத் திரும்பச் சொன்னது. பயாஸைப் புதுப்பித்து அந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்பது முதல் வேலை. ஏஎம்டியில் ஈகோ மோட் என்ற தெரிவு இருக்கிறது. 7950எக்ஸை 170-இலிருந்து 105-க்கு இறக்கினால் உச்சவரம்பு 230 வாட்டிலிருந்து 142-க்கு வந்துவிடும், வேகத்தில் சிறு பங்கே குறையும். ஏனென்றால் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்சுக்குத்தான் பிராசசர் அளவுக்கு மீறி மின்சாரத்தை விழுங்குகிறது. மே, ஜூனில் இந்த வரம்பை இறக்கிவைத்து மழைக்காலத்தில் ஏற்றிக்கொள்கிறவர்கள் புத்திசாலிகள்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் தேர்வு சுருங்கிவிடுகிறது. ஐ5-12400, ரைசன் 5 7600 போன்றவற்றுக்கு ஒற்றைக் கோபுரக் கூலரே போதும். ஸ்டாக் கூலரோடும் அவை உயிர்வாழும், வெயில் காலத்தில்தான் விசிறி அலறும். விளையாட்டுக்கென்று எக்ஸ்3டி வாங்கியவர் விலைமலிந்த இரட்டைக் கோபுரம் ஒன்றைப் போட்டுவிட்டுக் கேபினெட்டைக் கவனிக்கட்டும். 7950எக்ஸ், 13900கே வைத்துத் தினமும் மணிக்கணக்கில் முழுச் சுமை கொடுப்பவருக்கு மட்டுமே டி15 ஜி2-வா 360 லிக்விட் கூலரா என்ற விவாதம் பொருளுள்ளது.

மாட்டும்போது அவசரப்படாதீர்கள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்து மாட்டிவிட்டுக் கூலரைத் திட்டுவது அடிக்கடி நடப்பது. பேஸ்ட் நடுவில் பட்டாணி அளவு போதும். திருகுகளை ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல், எதிரெதிராகச் சில சுற்று, மறுபடி சில சுற்று என்று சமமாக இறக்க வேண்டும். ஏஎம்4-இல் பழைய கூலரைக் கழற்றுவதுதான் நெஞ்சு படபடக்கும் வேலை. காய்ந்த பேஸ்ட் பசை போலப் பிடித்துக்கொண்டு, நேராக இழுத்தால் பிராசசரையே பின்களோடு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பத்து நிமிடம் கனமான ஏதாவது ஓடவிட்டுப் பேஸ்ட் இளகியதும், மின்சாரத்தை அணைத்துத் திருகுகளை எடுத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருக வேண்டும். பிடி விட்டதை விரல் உணரும். அதற்குப் பிறகே மேலே தூக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் அசெம்பிள் செய்த கணினியைப் பார்சலில் தூத்துக்குடிக்கு அனுப்புவதென்றால் பெரிய கூலரைக் கழற்றித் தனியே அனுப்புங்கள். 700 கிராமைத் தாண்டிய கூலர்களை எங்காவது எடுத்துச் செல்லும் முன் கழற்றச் சொல்லி நாக்டுவாவின் கையேடே சொல்கிறது. ஒரு கிலோ உலோகம் மதர்போர்டில் செங்குத்தாகத் தொங்கிக்கொண்டு, லாரி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் சாக்கெட்டைப் பிடித்து இழுக்கும்.

தூசு அதன் பங்கைக் கேட்கும். சீலிங் ஃபேன் கிளப்பும் பஞ்சும் முடியும் முன்விசிறிக்கும் முதல் தகடுகளுக்கும் நடுவே கம்பளி போலப் படிந்துவிடும், பின்னாலிருந்து பார்த்தால் தெரியாது. விசிறியைக் கம்பியிலிருந்து விடுவித்துத்தான் பார்க்க வேண்டும். புளோயர் அடிக்கும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் பேரிங் கெடும்.

எல்லாம் முடிந்ததும் சோதனையைப் பிற்பகலில் செய்யுங்கள், ஏ.சி. இல்லாமல், கேபினெட்டின் கதவை மூடிவைத்து. சினிபெஞ்ச் போன்ற சோதனை நிரல் ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டு, வெப்பத்தோடு கோர்களின் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கதவைத் திறந்துவைத்து இன்னொரு முறை. திறந்ததும் ஐந்தாறு டிகிரி சட்டென்று இறங்கினால் கூலரில் குறையில்லை, கேபினெட்டுக்குள் காற்று போகவில்லை. இறங்காமல் அப்படியே நின்றால் கூலரைக் கழற்றி அடியில் பேஸ்ட் பரவியிருக்கும் தடத்தைப் பாருங்கள். ஒரு மூலை காலியாக இருந்தால் அந்தப் பக்கத்துத் திருகு சரியாக இறங்கவில்லை.